உறுப்பினர் தளத்தைப் புதுப்பிக்கும் சங்கங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் வணிகர் சங்கங்கள், ரப்பர் விவசாயிகள், தேன் உற்பத்தியாளர்கள், கடற்கரை ஊர்களின் நலச் சங்கங்கள், பழைய மாணவர் மன்றங்கள் எனப் பல அமைப்புகள் சந்தா வாங்குவதையும் அடையாள அட்டை தருவதையும் இணையதளத்துக்கு மாற்றிவிட்டன. முன்பு கட்டிய தளங்கள் இப்போது கைபேசியில் ஒழுங்காகத் திறப்பதில்லை. புதுப்பிக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறிய பிறகு செயலாளர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

தோற்றம், மென்பொருள், சர்வர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா?

கூடாது. மற்றக் கேள்விகளைப் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பதிலை மட்டுமாவது பொருளாளருக்குக் காட்டுங்கள்.

தளத்தின் முகத்தை மாற்றுவது ஒரு வேலை. உறுப்பினர் தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே இரவில் செய்தால், மறுநாள் காலையில் "தம்பி, நான் கட்டிய சந்தாவைக் காணவில்லையே" என்று ஒருவர் அழைக்கும்போது, பொத்தான் இடம் மாறியதால் அவருக்குத் தெரியவில்லையா, பதிவே தொலைந்துவிட்டதா என்று உங்களால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் விடுங்கள். முதலில் தரவை நகர்த்துங்கள். பக்கங்கள் பார்வைக்குப் பழையபடியே இருக்கட்டும். உறுப்பினர்களிடமிருந்து புகார் ஓய்ந்த பிறகு புதுச்சட்டை போடலாம். மென்பொருள் மாறவில்லை, தோற்றம் மட்டும்தான் மாறுகிறது என்றால் தரவுத்தளத்தைத் தொடவே தேவையில்லை. பாதிச் சங்கங்களுக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. செய்தி இணைப்புகளைப் பகிரும் டிக் என்ற அமெரிக்கத் தளம் 2010 ஆகஸ்டில் வடிவமைப்பையும் தரவுத்தளத்தையும் சேர்த்தே மாற்றியது. பிழைகள் குவிந்தன, பயனர்கள் கூட்டமாகப் போட்டித் தளமான ரெட்டிட்டுக்குப் போய்விட்டார்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. தரவு பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது, ஆனால் புதிய அமைப்பு ஒழுங்காக இயங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கில் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். 2022இல் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. தரவு தொலையாமல் இருந்தால் மட்டும் போதாது, உரியவர் கைக்கும் எட்ட வேண்டும்.

தினமும் பேக்கப் எடுப்பதாக ஹோஸ்டிங் நிறுவனம் (தளத்துக்குச் சர்வர் இடம் தருபவர்கள்) சொல்கிறது. அது போதாதா?

அந்த பேக்கப்பை வைத்துத் தளத்தை ஒருமுறையாவது திரும்ப எழுப்பிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மென்பொருளாளர்களுக்கே சேவை வழங்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று இரவு, களைத்திருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை நீக்கிவிட்டார். பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், சேமிப்பு இடம் காலியாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் நிரலும் தரவுத்தளமும் வெவ்வேறு பதிப்புகள் என்பதால் அந்த வேலை தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போனது போனதுதான். இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆகவே மாற்றும் வேலையைத் தொடங்கும் முன், பேக்கப் கோப்பை ஒரு வெற்றுக் கணினியில் ஏற்றி, தளத்தை ஓடவிட்டு, ஒரு உறுப்பினராக உள்ளே நுழைந்து பாருங்கள். தரவுத்தளத்தோடு உறுப்பினர் புகைப்படங்கள், ரசீதுகள், விண்ணப்பப் படிவங்கள் இருக்கும் கோப்புறையையும் எடுத்தார்களா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடும் இடம் அது.

எல்லா நகலும் ஒரே இடத்தில் இருக்கவும் கூடாது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தபோது, தளத்தையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலுக்குப் பின் இந்த மாவட்டம் மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நகல் சர்வருக்கு வெளியே, ஒரு நகல் மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பட்டியலை எக்செலில் இறக்கி, புதிய தளத்தில் ஏற்றினால் போதும் என்கிறார்கள்.

இறக்கலாம். ஆனால் இறக்கிய கோப்பை எக்செலில் திறந்து, சேமித்து, பிறகு ஏற்றுவது ஆபத்து. திறந்து மூடியதிலேயே என்னென்ன நடக்கும் என்று பாருங்கள். 00457 என்ற உறுப்பினர் எண் 457 ஆகிவிடும். 91இல் தொடங்கும் பன்னிரண்டு இலக்கக் கைபேசி எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் சுருக்கம் மட்டும்தான் மிஞ்சும், எண் போய்விடும். கோட்டார் சவேரியார் திருவிழா நாளான 03/12 அன்று சேர்ந்தவர், கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மார்ச் 12 அன்று சேர்ந்தவராக மாறுவார். 25/12 அன்று சேர்ந்தவருக்கு 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அந்தத் தேதி வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து. வெளியே ஒன்றும் தெரியாது. ஆயுள் சந்தா யாருக்கு, காலாவதி யாருக்கு என்று கணக்குப் பார்க்கும்போதுதான் வெடிக்கும்.

தரவு ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நிரல் வழியாகப் போகட்டும். நடுவில் மனிதக் கை படவேண்டாம். எக்செலில்தான் பார்த்தாக வேண்டும் என்றால், கோப்பை நேரடியாகத் திறக்காமல் 'இறக்குமதி' வழியாகத் திறந்து எல்லா நெடுவரிசைகளையும் 'உரை' என்று குறியுங்கள்.

மாற்றிய பிறகு தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகின்றன. தரவு அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தத் திரையில் 'சேமி' பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

கிறுக்கலை உற்றுப் பாருங்கள். தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் சேர்ந்து மீண்டும் மீண்டும் வந்தால் நல்ல செய்திதான். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றை மேற்கத்திய எழுத்து முறை என்று நினைத்துத் தவறாகப் படிக்கும்போது இந்த இணை வரும். தரவு அப்படியே இருக்கிறது, படிக்கும் கண்ணாடிதான் மாறியிருக்கிறது. அமைப்பைத் திருத்தினால் பெயர்கள் திரும்பிவிடும். மாறாக வெறும் கேள்விக்குறிகள் வரிசையாகத் தெரிந்தால், எழுதும்போதே தரவு போய்விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பேக்கப்புக்குத் திரும்புங்கள்.

ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்தைய பட்டியல்களில் இது சகஜம். மாற்றி நிரல்கள் கிடைக்கின்றன, ஆனால் மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரமும் ஒற்றைக் குறியீடான ஒகரக் குறியும், அல்லது ககரம், பிறகு கொம்பு, பிறகு கால். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. 'கொல்லங்கோடு' என்று தேடினால் சிலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். தரவை ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒரே கைபேசி எண்ணில் நான்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். புதிய மென்பொருள் ஒருவரைத்தான் ஏற்கிறது. மற்றவர்களை நீக்கிவிடலாமா?

நீக்கக் கூடாது. உறுப்பினர் தரவு சத்தமில்லாமல் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். சர்வர் வெடிப்பதில்லை, யாரும் ஊடுருவுவதில்லை. கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று புதிய மென்பொருள் ஒரு விதி வைத்திருக்கும். இரண்டாவது ஆள் வரும்போது 'ஏற்கனவே உள்ளது' என்று தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இறுதியில் 'இறக்குமதி வெற்றி' என்று பச்சை எழுத்தில் வரும். தாண்டிய வரிகளின் எண்ணிக்கை எங்கோ ஒரு பதிவுக் கோப்பின் அடியில் கிடக்கும்.

நம் ஊர்ச் சூழலில் எண்ணைப் பகிர்வது இயல்பு. அப்பா கடலுக்குப் போயிருப்பார், மகன் துபாயில் இருப்பார், வீட்டில் இருக்கும் மருமகளின் எண்தான் மூவருக்கும். சங்க அலுவலகத்தின் மின்னஞ்சலையே முதியவர்கள் அத்தனை பேருக்கும் போட்டு வைத்த சங்கங்களும் உண்டு. உள்நுழையும் அடையாளமாகக் கைபேசி எண்ணை வைக்காமல் உறுப்பினர் எண்ணை வையுங்கள். கைபேசி எண் வெறும் தொடர்பு விவரமாக, பலருக்கும் பொதுவாக இருக்கலாம். ஒருமுறை மட்டும் செல்லும் கடவு எண்ணை (ஓடிபி) அனுப்பியதும், 'இந்த எண்ணில் இருப்பவர்கள் இவர்கள், நீங்கள் யார்?' என்று கேட்கும் திரை ஒன்று போதும். நிரலாளர் முடியாது என்றால் மென்பொருளை மாற்றுங்கள், உறுப்பினரை மாற்றாதீர்கள்.

இரட்டைப் பதிவுகளைக் களைவதும் இதோடு சேர்ந்த விஷயம். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே முதலெழுத்து என்பதால் இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள். சேவியர், சவேரியார், சவரிமுத்து என்று மூன்று பதிவுகள் ஒரே ஆளாக இருக்கலாம். எஸ். சேவியர் என்று இருக்கும் இரண்டு பதிவுகள் ஒரே வீட்டு மாமனும் மருமகனுமாகவும் இருக்கலாம். விளவங்கோடு பக்கத்தில் வீட்டுப் பெயர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். பழைய படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லாமல் முகவரியின் முதல் வரியில் எழுதியிருப்பார்கள். முகவரியைச் சுருக்கும் ஆர்வத்தில் அந்த வரியை வெட்டிவிட்டால் ஆளை அடையாளம் காணும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். சந்தேகப் பதிவுகளின் பட்டியலை எடுத்து, ஊர்க்கிளைத் தலைவரிடம் கொடுத்து, அவர் சொன்ன பிறகு மட்டும் இணையுங்கள். இந்த வேலையை மாற்றத்துக்கு முன் செய்யுங்கள், அல்லது பின் செய்யுங்கள். நடுவில் செய்தால் எண்ணிக்கை ஒருபோதும் ஒத்துவராது.

உறுப்பினர் எண்ணைப் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும் யோசனையும் வரும். மறுத்துவிடுங்கள். பதிவு பெற்ற சங்கம் உறுப்பினர் பதிவேடு பராமரித்தாக வேண்டும் என்பது 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அந்தக் காகிதப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் தளத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியல் தகராறு வந்தால் அப்போது இதன் அருமை தெரியும். இரண்டு இலக்க எண் வைத்திருக்கும் பெரியவர்கள் அதை விட்டுத்தரமாட்டார்கள் என்பது தனிக்கதை.

கடவுச்சொற்களை எப்படி எடுத்துப்போவது?

ஒழுங்காகக் கட்டிய தளத்தில் கடவுச்சொல் கடவுச்சொல்லாக இருக்காது; திரும்பப் படிக்க முடியாத ஒரு சரமாக மாற்றப்பட்டிருக்கும். அந்தச் சரத்தை அப்படியே கொண்டுபோய், புதிய தளம் பழைய முறையையும் சரிபார்க்கும்படி செய்யலாம். உறுப்பினர் முதன்முறை நுழையும்போது அவருடைய கடவுச்சொல்லைப் புதிய, வலுவான முறையில் மாற்றிச் சேமித்துக்கொள்ளலாம். உறுப்பினருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

எல்லோருக்கும் 'கடவுச்சொல்லை மாற்றுங்கள்' என்று இணைப்பு அனுப்புவது எளிது, ஆனால் இங்கே சரிவராது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். 24 மணி நேரத்தில் காலாவதியாகும் இணைப்பு, அவர் கரைக்கு வரும்போது செத்துக் கிடக்கும்.

கடவுச்சொற்கள் பட்டவர்த்தனமாக எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்தால்? அன்றைக்கே மாற்றுங்கள். புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

புதிய தளத்திலிருந்து ஓடிபி குறுஞ்செய்தி போகவில்லை. ஏன்?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புபவரின் பெயரும் செய்தியின் வாசகமும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது யாரோ 'அன்பார்ந்த உறுப்பினரே' என்று அழகுக்கு ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார்கள். பதிவான வாசகத்தோடு அது பொருந்தாது. செய்தி வழியிலேயே நின்றுவிடும். 2024 அக்டோபரிலிருந்து செய்திக்குள் இருக்கும் இணைப்புகளும் முன்பதிவு பெற்றிருக்க வேண்டும். தள முகவரி மாறினால் இதையும் முதலிலேயே செய்யுங்கள்.

மின்னஞ்சலுக்கும் இதே கதை. சர்வர் மாறினால், 'எங்கள் பெயரில் அனுப்ப இந்தச் சர்வருக்கு அனுமதி உண்டு' என்று சொல்லும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கடிதங்கள் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும்.

தானாகச் சந்தா பிடிக்கப்படும் உறுப்பினர்களுக்கு என்ன ஆகும்?

தானாகப் பிடித்துக்கொள்ள உறுப்பினர் தந்த அனுமதி உங்கள் தளத்தில் இல்லை. வங்கியிடமும் பணப் பரிவர்த்தனை நிறுவனத்திடமும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதன் குறிப்பு எண் மட்டும். அந்த எண் உரிய உறுப்பினரோடு சேர்ந்து நகர வேண்டும். பரிவர்த்தனை நிறுவனத்தையே மாற்றினால் ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒப்புதல் வாங்க நேரிடும், அதனால் அதை இப்போது தொடாதீர்கள்.

பணம் வந்தது என்ற தகவலை அந்த நிறுவனம் எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்றும் பாருங்கள். அது பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தால், குவைத்திலிருந்து பணம் கட்டியவரின் வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கும், உங்கள் தளத்தில் பாக்கி இருக்கும்.

பழைய தரவில் யாருடைய கார்டு எண்ணாவது கிடந்தால் நகர்த்தாமல் அழியுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அதைச் சேமிக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லை.

சோதனைத் தளத்தில் உண்மையான உறுப்பினர் தரவைப் போடலாமா?

போடாமல் சோதிக்க முடியாது என்பதுதான் உண்மை. கற்பனைத் தரவில் இரட்டை எண்களும் பாமினிப் பெயர்களும் வராது. ஆனால் கைபேசி, மின்னஞ்சல், ஆதார் ஆகியவற்றை மறைத்துப் போடுங்கள். சோதனைத் தளத்துக்குத் தனிக் கடவுச்சொல் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கிருந்து மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வெளியே போகாதபடி அடைத்துவிடுங்கள். 'உங்கள் உறுப்பினர் தகுதி ரத்தாகிவிட்டது' என்ற சோதனைச் செய்தி ஊர் முழுக்கப் போனால் விளக்கம் சொல்லி மாளாது. 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்புக் குறைபாட்டுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

பஞ்சாங்கம் உங்கள் விருப்பம். நாங்கள் பார்ப்பது வேறு. செவ்வாய் அல்லது புதன், அதிகாலை இரண்டு முதல் ஐந்து மணி. நமக்கு மூன்றரை மணி என்றால் துபாயில் இரண்டு, குவைத்திலும் சவூதியிலும் ஒன்று. வளைகுடா உறுப்பினர்களும் உறங்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஆட்கள் ஓய்வாகத் தளத்தைத் திறப்பார்கள், அது வேண்டாம். வெள்ளி வளைகுடாவில் பலருக்கு விடுமுறை. சந்தா புதுப்பிக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தவிருங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களையும், கோட்டார் திருவிழா, மண்டைக்காடு கொடை நாட்களையும் தவிருங்கள். உங்கள் ஆட்களே ஊரில் இருக்கமாட்டார்கள்.

அந்த இரவில் என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

தளத்தின் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்வது டிஎன்எஸ் பதிவு; மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரமான அதன் ஆயுளை இரண்டு நாள் முன்பே ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிலருடைய இணைய இணைப்பு ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வருக்கே கூட்டிப்போகும்.

அன்று முதலில் பழைய தளத்தை 'பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது' என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நகல் எடுத்தால், நகல் எடுத்த பிறகு புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு தளத்துக்கும் நடுவில் விழுந்துவிடுவார். பிறகு கடைசி பேக்கப், மாற்றம், சரிபார்ப்பு, அதன்பின் முகவரியைத் திருப்புதல். ஒத்திகையில் பிடித்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஒதுக்குங்கள்.

பின்வாங்கும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நாலரை மணிக்குள் எண்கள் ஒத்துவரவில்லை என்றால் பழையதையே திறந்துவிட வேண்டியதுதான், வாக்குவாதம் கூடாது. புதிய தளத்தில் ஒருவர் பணம் கட்டிவிட்டால் பின்வாங்குவது பல மடங்கு கடினமாகிவிடும்.

எல்லாம் சரியாக வந்து சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

மொத்த எண்ணிக்கை மட்டும் ஒத்தால் நம்பாதீர்கள். ஊர்க்கிளை வாரியாக, சந்தா வகை வாரியாக, சேர்ந்த ஆண்டு வாரியாக எண்ணுங்கள். வசூலான தொகையின் கூட்டல் இரு பக்கமும் பைசா மாறாமல் வர வேண்டும். இதைப் பொருளாளர் செய்யட்டும், நிரலாளர் வேண்டாம். பிறகு முதல் உறுப்பினர், கடைசி உறுப்பினர், மிக நீளமான பெயர், மின்னஞ்சலே இல்லாதவர், மலையாளத்தில் பெயர் எழுதியவர், இறந்துவிட்டதாகக் குறித்தவர், இடைநீக்கத்தில் இருப்பவர் ஆகியோரின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இடைநீக்கம் செய்யப்பட்டவர் புதிய தளத்தில் முழு உறுப்பினராக எழுந்து உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடியதே.

கூகுளில் இருக்கும் பழைய இணைப்புகள்?

ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதிய முகவரிக்கு 301 திருப்பம் (வருபவரைத் தானாகவே நிரந்தரமாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள். அடையாள அட்டையில் அச்சிட்ட கியூஆர் குறியையும் மறக்காதீர்கள். அட்டை உறுப்பினரின் சட்டைப்பையில் இருக்கிறது, அதை மாற்றவே முடியாது.

பழைய சர்வரை எப்போது நிறுத்தலாம்?

ஒரு முழுச் சந்தாச் சுற்று முடியும்வரை தரவின் நகலை வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்ப்பவர் அப்போதுதான் வருவார். சர்வரை அவ்வளவு நாள் ஓடவிடத் தேவையில்லை. புதுப்பிக்காத பழைய மென்பொருள் திறந்த கதவு. தரவைக் குறியாக்கம் செய்து இரண்டு வன்தட்டுகளில் எடுத்து, ஒன்று தலைவரிடம், ஒன்று பொருளாளரிடம் கொடுத்து, திறக்கும் கடவுச்சொல்லைச் செயலாளர் வைத்துக்கொள்ளலாம். சுற்று முடிந்து கணக்குத் தணிக்கையும் ஆன பிறகு, செயற்குழுவில் தீர்மானம் எழுதி அழித்துவிடுங்கள். பழைய ஹோஸ்டிங் கணக்கை மூடும்போது டொமைன் பெயரும் (தளத்தின் இணைய முகவரி) அதே கணக்கில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.